'படிப்பு ஏறல' என்று சொல்வதற்கு முன்...

என் மகன் மூன்றாம் வகுப்பு படித்த ஆண்டு அது. மறுநாள் தமிழில் சொல்வதெழுதுதல், பத்துச் சொற்கள். மாலை ஐந்து மணிக்கு இருவரும் உட்கார்ந்தோம். 'பள்ளிக்கூடம்' என்ற சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தேன். பத்து முறை எழுதினான், பத்தும் சரி. இரவுச் சாப்பாடு முடிந்ததும் நோட்டை மூடிவைத்துவிட்டுத் திரும்பக் கேட்டேன். 'பளிகுடம்' என்று எழுதினான். என் கை அவன் முதுகில் இறங்கியது. அவன் அழவில்லை. "தெரிஞ்சுதாம்மா இருந்துச்சு. இப்ப எங்க போச்சுன்னு தெரியல" என்றான்.

சாக்குச் சொல்கிறான் என்றுதான் அன்று எடுத்துக்கொண்டேன். ஓராண்டு கழித்து, கற்றல் குறைபாட்டைக் கண்டறியும் மையம் ஒன்றில் இந்தச் சம்பவத்தைச் சொன்னேன். எதிரில் இருந்த சிறப்புப் பயிற்றுநர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "உங்க பையன் அவன் கஷ்டத்தை உங்களைவிடத் தெளிவாச் சொல்லியிருக்கான்" என்றார்.

அந்த அடிக்கும் இந்தச் சொல்லுக்கும் இடையில் வீணான ஓராண்டைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். என் மகனுக்கு ஓராண்டு. பல பிள்ளைகளுக்கு அது முழுப் பள்ளிப்பருவம். சிலருக்கு முழு வாழ்க்கை.

யாரையும் குற்றம் சொல்லாத குற்றச்சாட்டு

அந்த ஓராண்டில் என் மகனைப் பற்றி ஆளுக்கொரு விளக்கம் வைத்திருந்தோம். வகுப்பாசிரியை நாட்குறிப்பில் 'கவனக்குறைவு' என்று எழுதினார். டியூஷன் எடுத்த பெண் 'பயம் இல்லை' என்றார். கணவர் 'செல்லம்' என்றார். நான் 'சோம்பேறித்தனம்' என்றேன். மாமியார்தான் எல்லாவற்றையும் ஒரே வரியில் முடித்தார்: "உங்க தம்பி மாதிரிதான். படிப்பு ஏறல."

தமிழ்நாட்டில் இந்த வாக்கியத்தைக் கேட்காத வீடு இருக்காது. அதைச் சற்று உற்றுப் பாருங்கள். படிப்புதான் எழுவாய், ஏறாதது படிப்பு. எந்த முறையில் சொல்லிக்கொடுத்தோம், எங்கே தடுக்கிறது, வேறு வழியில் முயன்றோமா என்ற கேள்விகள் எவருக்கும் எழாதபடி அந்த வாக்கியம் கதவைச் சாத்திவிடுகிறது. யாரையும் குற்றம் சொல்லாததுபோல் தோன்றும். பழி முழுவதும் பிள்ளையின் தலையில் போய் உட்கார்ந்திருக்கும்.

கற்றல் குறைபாட்டுக்கான பரிசோதனை என்றதும் பெற்றோர் பலர் தயங்குவதன் முதல் காரணம், 'பிள்ளைக்கு ஒரு முத்திரை விழுந்துவிடும்' என்ற அச்சம். நானும் அப்படித்தான் தயங்கினேன். ஆனால், முத்திரை அதற்கு முன்பே விழுந்துவிட்டது. மக்கு, சோம்பேறி, திமிர் பிடித்தவன், 'மெல்லக் கற்கும் மாணவர்' என்று பள்ளி, வீடு, தெரு ஆகிய மூன்றும் சேர்ந்து அவனுக்கு அரை டஜன் பெயர் வைத்திருந்தன. பரிசோதனைக்குப் போகாவிட்டால் பிள்ளை பெயரில்லாமல் இருப்பான் என்பது நம் கற்பனை. தவறான பெயர்களோடு இருப்பான் என்பதே உண்மை. கண்டறிதல் புதிதாக ஒரு முத்திரையைக் குத்துவதில்லை. பழைய முத்திரைகளை அழிக்கிறது.

வாசிப்பு யாருக்கும் பிறவியில் வருவதில்லை

பேச்சு தானாக வருகிறது. பேசுகிற வீட்டில் வளரும் பிள்ளை, யாரும் பாடம் நடத்தாமலே பேசிவிடுகிறது. எழுத்து அப்படியல்ல. மனித இனம் பேசத் தொடங்கி எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. எழுத்துக்கு வயது ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகள்தான். மூளையில் வாசிப்புக்கென்று பிறவியிலேயே ஒதுக்கப்பட்ட இடம் ஏதும் கிடையாது. பார்ப்பதற்கும் கேட்பதற்கும் பேசுவதற்கும் உருவான பகுதிகளை ஒன்றோடொன்று புதிதாக இணைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு பிள்ளையும் வாசிக்கக் கற்கிறது. பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் ஸ்தானிஸ்லாஸ் தெஹேன், அமெரிக்க ஆய்வாளர் மேரியான் உல்ஃப் ஆகியோரின் நூல்கள் இதை விரிவாக விளக்குகின்றன. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த இணைப்பு ஓரிரு ஆண்டுகளில் அமைந்துவிடுகிறது. சிலருக்கு அமைவதில் சிரமம் இருக்கிறது. அந்தச் சிரமத்தின் பெயர்தான் டிஸ்லெக்சியா.

இது கண்ணில் உள்ள கோளாறு இல்லை. அறிவுக் குறைவும் இல்லை. சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்தறிவதிலும், அந்த ஒலியை அதற்குரிய எழுத்தோடு சட்டென்று பொருத்துவதிலும்தான் சிக்கல். 'கடல்' என்ற சொல்லில் முதல் எழுத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்டால், ஐந்து வயதில் பல பிள்ளைகள் 'டல்' என்று சொல்லிச் சிரிப்பார்கள். என் மகன் எட்டு வயதில் விழித்தான்.

ஆங்கிலத்துக்குத்தான் இந்தத் தொல்லை, தமிழ் எழுதுவதுபோலவே ஒலிக்கும் மொழி என்று சிலர் சொல்வதுண்டு. பாதி உண்மை. 'நைஃப்' என்று சொல்லிவிட்டு முன்னால் ஒலிக்காத ஒரு 'கே' எழுதவேண்டிய கொடுமை தமிழில் இல்லை. ஆனால், தமிழுக்கென்று சில படிகள் இருக்கின்றன. எழுத்துகள் 247. 'கோ' என்று எழுதும்போது ஒலியில் முதலில் வருவது 'க்'. கண்ணுக்கு முதலில் தெரிவது இரட்டைக் கொம்பு, பிறகு 'க', அப்புறம் கால். ஒலியின் வரிசையும் எழுத்தின் வரிசையும் ஒன்றில்லை. 'கடல்', 'அகம்', 'தங்கம்' ஆகிய மூன்றிலும் ஒரே 'க'தான், ஒலி மூன்று. ல, ள, ழ, ர, ற, ன, ண, ந என்ற கூட்டங்கள் வேறு. இவற்றுக்கெல்லாம் மேலாக, பிள்ளை வீட்டில் 'வந்துட்டாங்க' என்று பேசுகிறது. புத்தகத்தில் 'வந்துவிட்டார்கள்' என்று வாசிக்க வேண்டியிருக்கிறது. சாதாரணமாகக் கற்கும் பிள்ளை இந்தப் படிகளை அறியாமலே ஏறிவிடும். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கும்.

இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து ஆகிய நாடுகளின் டிஸ்லெக்சியா உள்ள பெரியவர்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2001இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. ஒலிக்கேற்ப எழுதும் இத்தாலிய மொழிக்காரர்கள் மற்றவர்களைவிடப் பிழை குறைவாக வாசித்தார்கள். ஆனால், வாசிக்கும்போது மூளையின் இடப்பக்கத்தில் குறைவாக இயங்கிய பகுதி மூன்று நாட்டவருக்கும் ஒன்றேதான். மொழியால் வெளித்தோற்றம் மாறலாம். உள்ளே இருக்கும் காரணம் மாறுவதில்லை. ஆகவே, 'தமிழ் மீடியத்தில் போட்டால் சரியாகிவிடும்', 'இங்கிலீஷ் மீடியத்தில் போட்டால் சரியாகிவிடும்' என்று பிள்ளையைப் பள்ளி மாற்றி அலைக்கழிப்பதில் பயனில்லை.

ஒரு பத்தியும் ஆறு கேள்விகளும்

பரிசோதனை என்றதும் ஸ்கேன் எடுப்பார்கள், ரத்தம் எடுப்பார்கள் என்று என் மாமியார் பயந்தார். அப்படி எதுவும் கிடையாது. முதலில் கண்ணும் காதும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவரச் சொன்னார்கள். பிறகு, வெவ்வேறு நாள்களில் மூன்று அமர்வுகள். பிறப்பு, பேச்சு, பள்ளி, குடும்பம் என்று எங்களிடம் நீண்ட விசாரணை. அவனிடம் அறிவுத்திறன் சோதனை. அதன் பிறகு வாசிக்க, எழுத, கணக்குப் போட, படங்களின் பெயரை வேகமாகச் சொல்ல, எண்களைத் திருப்பிச் சொல்ல எனத் தனித்தனிச் சோதனைகள். பொருளே இல்லாத சொற்களையும் வாசிக்கச் சொன்னார்கள். பொருளுள்ள சொல்லாக இருந்தால் பிள்ளை முதல் எழுத்தைப் பார்த்து ஊகித்துவிடும். அர்த்தமற்ற சொல்லில் ஊகத்துக்கு வழியில்லை. எழுத்தை ஒலியாக மாற்றியே ஆகவேண்டும். என் மகன் அங்கேதான் உடைந்தான்.

மூன்றாம் நாள் என்னை உள்ளே உட்காரவைத்தார்கள். ஒரு பத்தியை அவனே வாசித்தான். நெற்றி வியர்க்க, விரலை வரிமேல் வைத்து, இரண்டு வரி தாவி, திரும்பி வந்து முடித்தான். ஆறு கேள்வி கேட்டார்கள். ஒன்றுக்குத்தான் பதில் வந்தது. அதே அளவுள்ள இன்னொரு பத்தியைப் பயிற்றுநர் வாசித்துக் காட்டினார். ஆறு கேள்விக்கும் பதில் சொன்னான். ஆறாவது கேள்விக்குப் பத்தியில் இல்லாத ஒரு காரணத்தையும் சேர்த்துச் சொன்னான்.

அந்த அறையில் நான் அழுதேன். பிள்ளைக்குக் குறை இருக்கிறது என்று தெரிந்து வந்த அழுகையில்லை அது. மூன்று ஆண்டுகளாக அவனுடைய அறிவை அவனுடைய வாசிப்பை வைத்து அளந்துகொண்டிருந்தேனே என்ற வலி.

1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். சுறுசுறுப்பான பிள்ளை, கணக்கில் கெட்டி, ஆனால் எளிய சொற்களைக்கூட வாசிக்க முடியவில்லை. பாடங்களெல்லாம் வாய்மொழியாகவே இருந்திருந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவனாகத்தான் இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதாக அந்தக் குறிப்பில் இருக்கிறது. நான் மூன்றாம் நாள் பார்த்ததை அந்த ஆசிரியர் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பார்த்துவிட்டார். இவ்வளவு காலமாகத் தெரிந்த ஒன்று, நம் வகுப்பறைகளுக்குள் இன்னும் வந்துசேரவில்லை.

என் தம்பியின் கேள்வி

பரிசோதனை அறிக்கை வந்த வாரம் என் தம்பி வீட்டுக்கு வந்திருந்தான். திருவெறும்பூர் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறான். பத்தாம் வகுப்பில் மூன்று முறை தவறிவிட்டு, அப்பாவின் பெல்ட் அடிக்குப் பயந்து பட்டறை வேலைக்கு ஓடியவன். வரைபடத்தை ஒருமுறை பார்த்தால் போதும், உருப்படியை அளவு பிசகாமல் கடைந்து கொடுப்பான். பில் போடுவது மட்டும் அவன் மனைவி. கல்யாணப் பத்திரிகையைக்கூடக் கையில் வாங்கி, 'கண்ணாடி எடுத்துட்டு வரல, நீயே படி' என்று கொடுத்துவிடுவான். அவனுக்குக் கண்ணாடியே கிடையாது என்பது எங்களுக்குத் தோன்றவில்லை.

அறிக்கையில் உள்ளதை ஒவ்வொன்றாக அவனுக்குச் சொன்னேன். வரி தாவுவது, படித்தது மறப்பது, சத்தமாக வாசிக்கச் சொன்னால் வயிறு வலிப்பது. வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான்: "அக்கா, எனக்கும் இப்படித்தானே இருந்துச்சு. அப்ப நான் மக்கு இல்லையா?"

நாற்பத்தோரு வயது மனிதன் கேட்ட கேள்வி அது. டிஸ்லெக்சியா குடும்பங்களில் தொடர்ந்து வரும் தன்மையுடையது. பெற்றோரிலோ நெருங்கிய உறவிலோ ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அதாவது, 'உங்க தம்பி மாதிரி' என்று என் மாமியார் சொன்னது அறிவியல்படி தவறேயில்லை. 'படிப்பு ஏறல' என்று முடித்ததுதான் தவறு. ஒரே குடும்பத்தில், ஒரே காரணத்தால் தடுமாறிய இரண்டு ஆண்களில் ஒருவனுக்கு ஒன்பது வயதில் காரணம் சொல்லப்பட்டது. இன்னொருவனுக்கு முப்பது ஆண்டுகள் தாமதமாக, அதுவும் தற்செயலாகக் கிடைத்தது. கண்டறிதலின் மதிப்பு என்ன என்று யாராவது கேட்டால், நான் இந்த இருவரைத்தான் காட்டுவேன்.

பெண் பிள்ளைகளின் நிலை இதைவிட மோசம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் சாலி ஷேவிட்ஸ் குழுவினர் 1990இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிகள் 'வாசிப்பில் சிக்கல்' என்று அடையாளம் காட்டியவர்களில் ஆண் பிள்ளைகளே மிகுதி. ஆய்வாளர்கள் எல்லாப் பிள்ளைகளையும் தாங்களே சோதித்தபோது ஆண், பெண் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. வகுப்பில் குறும்பு செய்யும் பையன் ஆசிரியர் கண்ணில் படுகிறான். கடைசி வரிசையில் சத்தமின்றி, பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும் பெண் படுவதில்லை. அவளுக்கு நம் ஊரில் இன்னொரு வழியும் எளிதாகத் திறந்துவைக்கப்பட்டிருக்கிறது: 'படிப்பு ஏறல, கட்டிக் கொடுத்துடலாம்.'

சான்றிதழ் வேறு, உதவி வேறு

கண்டறிதலால் நடைமுறையில் என்ன கிடைக்கும்? சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றது. கற்றல் குறைபாடு அதில் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அந்தப் பட்டியலை 21 ஆக விரித்தபோதுதான் டிஸ்லெக்சியா உள்ளிட்ட குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகள் இடம்பெற்றன. இவற்றை எவ்வளவு முன்கூட்டியே முடியுமோ அவ்வளவு முன்கூட்டியே கண்டறிந்து, அவற்றுக்கேற்பக் கற்பிப்பது கல்வி நிறுவனங்களின் கடமை என்று அச்சட்டத்தின் 16ஆவது பிரிவு சொல்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளிடம் கணக்கெடுப்பு நடத்த வேண்டும் என்கிறது 17ஆவது பிரிவு.

தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வுகளில் சான்றிதழ் பெற்ற மாணவருக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப் பாடத்துக்கு விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. உச்ச நீதிமன்றம் 2021இல் வழங்கிய இரண்டு தீர்ப்புகளையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். எழுதுவதில் நரம்பியல் சிக்கல் கொண்ட, குடிமைப் பணித் தேர்வர் ஒருவர் வழக்கில், குறைபாடு 40 விழுக்காட்டை எட்டவில்லை என்பதற்காகச் சொல்வதை எழுதுபவரை மறுக்கக் கூடாது என்றது. எழுத்துக் குறைபாடு கொண்ட மாணவி ஒருவருக்கு நீட் தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம் மறுக்கப்பட்டது தவறு என்று இன்னொரு வழக்கில் சொன்னது. இவற்றைச் சலுகை என்று சொல்வது நம் பழக்கம். சட்டம் இவற்றை உரிமை என்கிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 2018இல் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் எட்டு வயது நிறைந்த பிள்ளைகளுக்கே வழங்கப்படும் என்றது. 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பரிசோதிக்க வேண்டும் என்றது. 18இல் பெறுவது வாழ்நாளுக்கும் செல்லும் என்றது. இதைத் தவறாகப் புரிந்துகொண்டு, 'எட்டு வயசு ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கும் ஒரு பள்ளியில் அதுதான் நடந்தது. சான்றிதழுக்கு வயது வரம்பு இருக்கலாம். உதவிக்கு வரம்பு கிடையாது. பாடல்களில் எதுகையை உணர்வதில் தடுமாறும், எழுத்துகளின் பெயர் மனதில் நிற்காத ஐந்து வயதுப் பிள்ளைக்கு அன்றே உதவி தொடங்க வேண்டும். வயது ஏற ஏற வாசிப்பில் இடைவெளி விரிகிறது. வாசிக்கத் தெரிந்த பிள்ளை மேலும் வாசித்துச் சொல்வளம் பெறுகிறது. தெரியாத பிள்ளை வாசிப்பைத் தவிர்த்து மேலும் பின்தங்குகிறது. காத்திருந்து பார்ப்பது என்பது இந்த விஷயத்தில் இழந்துகொண்டே இருப்பது.

மணலில் விரல்

இதற்கு மாத்திரை கிடையாது. கண்ணைக் கட்டிக்கொண்டு வாசிக்கவைக்கிறோம் என்று பணம் பிடுங்கும் 'மூளைத் தூண்டல்' வகுப்புகளால் எந்தப் பயனும் இல்லை. பலன் தருவது ஒன்றுதான்: ஒலியையும் எழுத்தையும் ஒழுங்காக, சிறு சிறு படிகளாக, திரும்பத் திரும்ப, கண், காது, வாய், விரல் எல்லாவற்றையும் சேர்த்துக் கற்பிப்பது. சாமுவேல் ஆர்ட்டன் என்ற மருத்துவரும் அன்னா கில்லிங்ஹாம் என்ற ஆசிரியையும் சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவில் இந்த முறைக்கு வடிவம் கொடுத்தார்கள்.

என் மகனின் முதல் பயிற்சி வகுப்பில் ஒரு தட்டில் மணல் பரப்பி வைத்திருந்தார்கள். எழுத்தின் ஒலியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத வேண்டும். எனக்கு நம் திண்ணைப் பள்ளிக்கூடங்கள்தான் நினைவுக்கு வந்தன. சென்னை எழும்பூரில் ராணுவத்தினரின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், இந்நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். 1797இல் லண்டனில் தன் பள்ளி அனுபவத்தை நூலாக வெளியிட்டார். அந்தப் பள்ளியின் கற்பிக்கும் முறை 'மெட்ராஸ் முறை' என்று அங்கே பரவியது. நாம் கைவிட்ட மணல், கட்டணம் செலுத்தும் வகுப்பில் நமக்குத் திரும்பக் கிடைக்கிறது. அது அரசுத் தொடக்கப் பள்ளியின் வகுப்பறைக்குத் திரும்புவதற்குச் செலவு ஏதும் ஆகாது.

வாரத்துக்கு மூன்று நாள் என இரண்டரை ஆண்டுகள் போனான். இப்போது ஒன்பதாம் வகுப்பு. இன்றும் மெதுவாகத்தான் வாசிக்கிறான். எழுத்துப் பிழை வரத்தான் செய்கிறது. ஆனால், பாடத்தை ஒலிப்பதிவாகக் கேட்டுவிட்டுப் புத்தகத்தோடு உட்காரக் கற்றுக்கொண்டிருக்கிறான். வகுப்பில் கையைத் தூக்கிக் கேள்வி கேட்கிறான். பள்ளி நாள் காலைகளில் வந்துகொண்டிருந்த வயிற்றுவலி, அறிக்கை வந்த அந்த மாதமே நின்றுவிட்டது. பயிற்சி தொடங்குவதற்கு முன்பே நின்றது. அவனுக்கு முதலில் குணமானது வாசிப்பு இல்லை. தன்னைப் பற்றி அவன் வைத்திருந்த எண்ணம்.

மூன்று ஆட்சேபங்கள்

முதலாவது: 'இது பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் நோய்; மார்க் குறைந்தால் சான்றிதழ் வாங்கிவிடுகிறார்கள்.' இதில் ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறது. பிரிட்டனின் ஜூலியன் எலியட் போன்ற கல்வியியல் அறிஞர்களே, டிஸ்லெக்சியா என்ற பெயர் வாங்க வசதி உள்ளவர்களுக்கே உதவி போய்ச் சேர்கிறது, வாசிக்கச் சிரமப்படும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது கிடைக்க வேண்டும் என்று வாதிடுகிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால், அதற்குத் தீர்வு கண்டறிதலை நிறுத்துவதா, எல்லோருக்கும் கொண்டுபோவதா? நாங்கள் பரிசோதனைக்குக் கொடுத்த சில ஆயிரம் ரூபாய், எங்கள் தெருவில் பூக்கட்டும் பெண்ணுக்கு ஒரு மாத வருமானம். அவர் மகளுக்கும் அதே அறிக்கை அரசு மருத்துவமனையில் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்பதுதான் சரியான கோரிக்கை.

இரண்டாவது: 'மாற்றுத்திறனாளி என்று சான்றிதழ் இருந்தால் நாளைக்குக் கல்யாணம், வேலை?' அறிக்கையை யாரிடம் காட்டுவது என்பது குடும்பத்தின் முடிவு. அது நெற்றியில் ஒட்டும் காகிதம் இல்லை. ஆனால், பத்தாம் வகுப்பைத் தாண்டாத பிள்ளையின் எதிர்காலத்தைவிட, கூடுதல் ஒரு மணி நேரம் பெற்றுப் பட்டம் வாங்கிய பிள்ளையின் எதிர்காலம் எந்த விதத்தில் குறைந்தது?

மூன்றாவது ஆட்சேபம் அன்பின் வேடத்தில் வருவது: 'கவலைப்படாதீங்க, இந்தப் பிள்ளைங்க எல்லாம் ஜீனியஸ்.' 2007இல் வந்த 'தாரே ஜமீன் பர்' படம் இந்தியப் பெற்றோருக்குப் பெரிய உபகாரம் செய்தது; டிஸ்லெக்சியா என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுவந்தது. அந்தச் சிறுவன் ஓவியப் போட்டியில் வெல்வான். என் மகனுக்கு ஓவியம் வராது. பாட்டு வராது. மிதிவண்டி ஓட்டுவதும் நாய்க்குட்டிகளும் பிடித்த சராசரிப் பிள்ளை. மறைந்திருக்கும் மேதை என்பதற்காக ஒரு பிள்ளையைக் காப்பாற்ற வேண்டியதில்லை. சாதாரணப் பிள்ளைக்கும் வாசிக்கக் கற்றுக்கொள்ளும் உரிமை உண்டு. அடிபடாமல் வளரும் உரிமை உண்டு.

செய்ய வேண்டியது என்ன?

டிஸ்லெக்சியா உள்ளவர்கள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்வரை இருக்கலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. நாற்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு முதல் நான்கு பிள்ளைகள். தமிழ்நாட்டில் அடித்தளம் இல்லாமல் இல்லை. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இயங்கி, பிள்ளைகளுக்குப் பயிற்சியும் ஆசிரியர்களுக்கு வழிகாட்டலும் தந்துவருகிறது. வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் பள்ளிகளுக்கு வருகின்றன. அவர்கள் பார்க்கவேண்டிய 30 சிக்கல்களில் கற்றல் குறைபாடும் ஒன்று. மாவட்டங்களில் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. இவற்றை ஒரு சரடில் கோக்க வேண்டும்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்பிலேயே ஒவ்வொரு பிள்ளையின் ஒலியுணர்வையும் எழுத்தறிவையும் வகுப்பாசிரியரே பத்து நிமிடத்தில் பார்க்கும்படியான எளிய சோதனை எல்லாப் பள்ளிகளிலும் நடக்க வேண்டும். தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015இல் இந்திய மொழிகளுக்காகக் கொண்டுவந்த 'டாலி' சோதனைத் தொகுப்பு இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலத்தில் தொடங்கியது. தமிழின் எழுத்தமைப்புக்கும், பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளிக்கும் ஏற்ற தரமான சோதனைகள் ஒவ்வொரு மாவட்டத்திலும் புழங்க வேண்டும். ஆசிரியர் பட்டயப் படிப்பில் இது ஓர் அத்தியாயமாக இல்லாமல், கையால் செய்து பழகும் பயிற்சியாக வேண்டும். சான்றிதழுக்காக ஏழைத் தாய் ஒருத்தி கூலியை விட்டுவிட்டு நான்கு முறை மாவட்டத் தலைநகருக்கு அலையும் நிலை மாற வேண்டும்.

'மெல்லக் கற்கும் மாணவர்' பட்டியல் இன்று ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கிறது. சிறப்பு வகுப்பு என்ற பெயரில் அவர்களை மாலையில் உட்காரவைத்து, பகலில் பலிக்காத அதே முறையில் அதே பாடத்தை இன்னொரு முறை நடத்துகிறோம். அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'ஏன்?' என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு கட்டத்தை நிரப்பத் தொடங்கினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளை பேசும்போது கெட்டிக்காரனாகவும் எழுதும்போது வேறு ஆளாகவும் தெரிந்தால், படித்ததை மறுநாள் மறந்தால், வாசிக்கச் சொன்னால் தாகம், தலைவலி என்று நழுவினால், அடிக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காட்டாதீர்கள். இன்னொரு டியூஷன் தேடாதீர்கள். பள்ளியில் கேளுங்கள், வட்டார வள மையத்தில் கேளுங்கள், அரசு மருத்துவமனையில் கேளுங்கள். 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். என் தம்பி வளர்ந்துவிட்டான், சரியாகவில்லை.

'படிப்பு ஏறல' என்பது ஒரு முடிவு போலச் சொல்லப்படுகிறது. அது ஒரு கேள்வியின் தொடக்கம். ஏன் ஏறவில்லை என்று கேளுங்கள். பிள்ளை பதில் சொல்லும். என் மகன் அன்றே சொன்னான், நான்தான் கேட்கவில்லை.